டி.என்.ஏ. கையில் இல்லாமலே டி.என்.ஏ. இயற்பியல்: புராஜெக்டுக்கு என்ன எடுக்கலாம்?

கேள்வி இது: "இளநிலை இயற்பியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். டி.என்.ஏ.வின் இயற்பியல் பற்றி மூன்று மாதப் புராஜெக்ட் செய்ய ஆசை. எங்கள் துறையில் உயிரியல் கருவி எதுவும் கிடையாது. பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?"

நிறையவே செய்யலாம். பழம் பிசைவதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். ஸ்ட்ராபெரியையோ வாழைப்பழத்தையோ பிசைந்து, சோப்புக் கரைசல், உப்பு, குளிர்ந்த ஆல்கஹால் என்று வரிசையாகச் சேர்த்தால் வெள்ளை இழை ஒன்று திரண்டு மேலே வரும். பார்க்க அழகுதான். ஆனால் "இதில் நீ எதை அளந்தாய்?" என்று தேர்வாளர் கேட்டால் பதில் இருக்காது. திரண்டு வந்ததில் டி.என்.ஏ.வோடு புரதம், ஆர்.என்.ஏ., பழத்தின் பெக்டின் எல்லாம் ஒட்டியிருக்கும். அதை எடை போட்டு வரைபடம் போடுவது வீண் வேலை. இத்தனைக்கும் அந்தச் செய்முறைக்குள் இருப்பது நல்ல இயற்பியல். தண்ணீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80, எத்தனாலுக்கு 25 அளவில்தான். தண்ணீரில் தனித்தனியாகத் திரியும் சோடியம் அயனியும் டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டும் ஆல்கஹால் கூடக் கூட நெருங்கி ஒட்டுகின்றன. மின்சுமை மறைந்ததும், அதுவரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த இழைகள் திரண்டு வெளியே வருகின்றன. இதை முன்னுரையில் ஒரு பத்தியாக எழுதுங்கள், போதும்.

மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: டி.என்.ஏ. பற்றிய ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ஆளும் விதி, கையில் பிடிக்கக்கூடிய ஏதாவது ஒரு பொருளையும் ஆளும். அந்தப் பொருளில் அளந்து பாருங்கள், மூலக்கூறோடு ஒப்பிடுங்கள், அப்புறம் ஒப்புமை எந்த இடத்தில் உடைகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலான அறிக்கைகளில் அந்தக் கடைசிப் பகுதி இருக்காது. எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.

முதல் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். இரட்டைச் சுருளின் விட்டம் 2 நானோமீட்டர். அடுத்தடுத்த கார இணைகளுக்கு (ஏணிப்படி மாதிரி இரு இழைகளையும் சேர்க்கும் ஏ-டி, ஜி-சி ஜோடிகள்) நடுவே 0.34 நானோமீட்டர். கரைசலில் ஒரு சுற்றுக்குச் சுமார் 10.5 இணைகள். ஒவ்வொரு இணைக்கும் இரண்டு எதிர்மின்சுமை. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல், அதாவது போல்ட்ஸ்மான் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி வருவது, 4.1 பிக்கோநியூட்டன்-நானோமீட்டர். இந்த அலகு முதலில் விசித்திரமாக இருக்கும். இரண்டு வாரம் பழகினால் ஜூலுக்குத் திரும்ப மனம் வராது. கடைசியாக, விறைப்பு நீளம் 50 நானோமீட்டர், சுமார் 150 இணைகள். இதைவிடக் குட்டையான துண்டு கம்பி மாதிரி நேராக நிற்கும். இதைவிட மிக நீண்டது நூல் மாதிரி நெளியும்.

இவற்றை வைத்துக் காகிதத்தில் போடும் கணக்கே ஒரு அத்தியாயம் தேறும். மனித செல் ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி இணைகள், நீட்டினால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள உட்கருவுக்குள் இது எப்படி அடங்குகிறது என்று எல்லாப் புத்தகமும் வியக்கிறது. கனஅளவைப் போட்டுப் பாருங்கள். 1 நானோமீட்டர் ஆரமும் 2 மீட்டர் நீளமும் உள்ள உருளைக்கு 6 கன மைக்ரோமீட்டர் சொச்சம்தான் வரும். 6 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கோளத்தின் கனஅளவு 113. இடம் தாராளமாகக் கிடக்கிறது! தகராறு எல்லாம் நெளிவிலும் வளைவிலும்தான். ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ. 46 லட்சம் இணை, 1.6 மில்லிமீட்டர் நீளம். சும்மா கரைசலில் நெளியவிட்டால் அதன் இரு தூரப் புள்ளிகளுக்கு இடையே சராசரியாக எவ்வளவு தூரம் இருக்கும்? விறைப்பு நீளத்தையும் மொத்த நீளத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 12, 13 மைக்ரோமீட்டர் வருகிறது. (அது வட்ட டி.என்.ஏ. என்பதை இங்கே கண்டுகொள்ளவில்லை. வட்டத்துக்கான திருத்தத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.) செல்லின் நீளமோ 2 மைக்ரோமீட்டர். நம் செல்களில் 147 இணைகள் ஹிஸ்டோன் என்ற புரதங்களாலான உருளையைச் சுற்றி ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வளைகின்றன. வளைவின் ஆரம் 4 நானோமீட்டர் சொச்சம். வளைக்க ஆகும் ஆற்றல், மேலே சொன்ன வெப்ப ஆற்றலைப் போல 60, 70 மடங்கு. அந்தச் செலவை ஹிஸ்டோனின் நேர்மின்சுமை கட்டுகிறது.

இனி செய்முறைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது கயிறு முறுக்குவது. நெடுநேரம் முறுக்கிய கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் நடுவில் ஒரு வளையம் துள்ளி எழுந்து தன்மேலேயே பின்னிக்கொள்ளும் இல்லையா? டி.என்.ஏ.வும் அதையேதான் செய்கிறது. உயிரியலில் அதற்கு மீச்சுருள் என்று பெயர். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை இயல்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம் குறைவான சுற்றுகளோடு வைத்திருக்கிறது. அதனால் அது எப்போதும் இப்படிப் பின்னிக்கொண்டே கிடக்கிறது.

செய்முறை எளிது. 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, துளையில்லாத சிலிக்கோன் ரப்பர் நாண் அரை மீட்டர் எடுங்கள். மேல்முனையைச் சுழற்றக்கூடிய ஒரு அச்சில் பூட்டுங்கள். கீழே எடை. எடை மேலும் கீழும் நகரலாம், ஆனால் சுழலக்கூடாது. அதற்குக் குறுக்கே ஒரு கம்பி குத்தி, இரண்டு செங்குத்துத் தண்டுகளுக்கு நடுவே விட்டால் போதும். 10 கிராமிலிருந்து 100 கிராம் வரை எடையை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் எத்தனையாவது சுற்றில் முதல் வளையம் துள்ளுகிறது என்று எண்ணுங்கள்.

கோட்பாடு சொல்வது என்னவென்றால், நேராக இருக்கும் நாண் தாங்கக்கூடிய உச்சத் திருப்பு விசை, வளைவு விறைப்பையும் இழுவிசையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து அதை இரண்டால் பெருக்கியது. திருப்பு விசை சுற்றுகளுக்கு நேர்விகிதம். ஆகவே சுற்றுகளின் வர்க்கத்தை எடைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். எடை பத்து மடங்கானால் சுற்றுகள் மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதலாகும். இதோடு நிறுத்தாதீர்கள். நாணின் வளைவு விறைப்பை, ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டி அது தொங்கும் அளவிலிருந்து தனியாக அளக்கலாம். முறுக்கு விறைப்பை முறுக்கு ஊசலில் அளக்கலாம். இரண்டும் கிடைத்துவிட்டால் நேர்கோட்டின் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடலாம். எதையும் பொருத்திப் பார்த்துச் சரிக்கட்ட வேண்டியதில்லை.

சொன்ன சாய்வு அப்படியே வராது. அங்கேதான் ருசி. இரண்டு எல்லைகள் இருக்கின்றன. ஒன்று, நாண் இனி நேராக நிற்கவே முடியாது என்ற எல்லை; மேலே சொன்னது. இன்னொன்று, வளையம் போடுவது ஆற்றல் கணக்கில் லாபம் என்ற எல்லை. அது முதல் எல்லையை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தது. நிஜமான துள்ளல் பெரும்பாலும் இவற்றுக்கு நடுவே எங்காவது நடக்கும். மேசையைத் தட்டினால் சீக்கிரம் நடக்கும். முறுக்கும்போது ஒரு எண், அவிழ்க்கும்போது வேறு எண். இந்த வித்தியாசத்தைக் கண்டு மாணவர்கள் "பிழை" என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை இல்லை, காந்தத்தில் நீங்கள் படித்த தயக்கம்தான். மூலக்கூறைப் பொறுத்தவரை வெப்பமே ஓயாமல் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் டி.என்.ஏ.வில் இந்த இடைவெளி மிகச் சிறுத்துவிடும். ஒப்புமை உடைகிறது என்று சொன்னேனே, அப்படி ஒரு இடம் இது.

ஒரு எச்சரிக்கை. நான் முதன்முதலில் இதைத் தூண்டில் நைலான் நரம்பில் செய்யச் சொல்லி ஒரு மாணவரின் ஒரு மாதத்தை வீணாக்கினேன். நைலான் அவ்வளவு முறுக்கைத் தாங்காமல் நிரந்தரமாகத் திரிந்துவிடுகிறது. அவிழ்த்த பிறகு பழைய நிலைக்கு வருவதில்லை, மறு அளவீடு முதல் அளவீட்டோடு ஒட்டவில்லை. ரப்பர்தான் சரி. பருத்திக் கயிறும் இந்த அளவீட்டுக்கு ஆகாது, ஏனென்றால் அதற்கு ஏற்கெனவே ஒரு புரி இருக்கிறது: ஒரு பக்கம் முறுக்கினால் இறுகும், மறுபக்கம் முறுக்கினால் புரி பிரியும்.

ஆனால் இந்தக் குறை இருக்கிறதே, அதுவே டி.என்.ஏ.வின் குணம்! மிகக் குறைந்த இழுவிசையில் டி.என்.ஏ.வை எந்தப் பக்கம் முறுக்கினாலும் ஒரே மாதிரி வளையம் போடுகிறது. இழுவிசை அரை பிக்கோநியூட்டனைத் தாண்டினால், எதிர்ப்பக்கம் முறுக்கும்போது வளையம் போடாமல் இரு இழைகளும் பிரிந்துகொள்கின்றன. 1996இல் காந்த மணிகளைக் கொண்டு ஒற்றை மூலக்கூறை முறுக்கி இதை அளந்தார்கள். ரப்பர் நாணில் ஒரு வரிசை, பருத்திக் கயிற்றில் ஒரு வரிசை என்று இரண்டையும் எடுத்து அருகருகே வைத்தால் அது தனிப் புராஜெக்டாகவே நிற்கும். வளையத்தின் ஆரத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து அளந்துவிடுங்கள். அது இழுவிசையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். 1 பிக்கோநியூட்டனில் டி.என்.ஏ.வின் வளைய ஆரம் இதே கணக்கில் 10 நானோமீட்டர் வருகிறது, அதாவது தன் தடிமனைப் போல ஐந்து மடங்கு. உங்கள் நாணில் எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

அடுத்தது லேசரும் பேனா ஸ்பிரிங்கும். 1952 மே மாதத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற "படம் 51"-ஐ ரோசலிண்ட் பிராங்க்ளினின் மேற்பார்வையில் எடுத்தவர் ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆய்வு மாணவர். (மாணவர் புராஜெக்ட் என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லி வைக்கலாம்.) அந்தப் படத்தின் நடுவில் இருக்கும் பெருக்கல் குறியை நீங்களே வரவழைக்க முடியும். பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை லேசர் பாயிண்டரின் முன்னால் நிறுத்தி, 5 மீட்டர் தள்ளிச் சுவரில் பாருங்கள். ஸ்பிரிங்கின் முன்பக்கக் கம்பிகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன, பின்பக்கக் கம்பிகள் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு கூட்டமும் தனக்குச் செங்குத்தான திசையில் விளிம்பு விளைவுக் கோடு ஒன்றைப் போடும். இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. கற்றை குறைந்தது இரண்டு மூன்று புரிகள் மேலாவது விழ வேண்டும். மெல்லிய கற்றையானால் லென்ஸ் வைத்து விரிக்க வேண்டும். கற்றையையும், கம்பியில் பட்டுத் தெறிக்கும் ஒளியையும் யாரும் நேராகப் பார்க்கக் கூடாது.

650 நானோமீட்டர் சிவப்பு லேசர், புரியிடைத் தூரம் 1 மில்லிமீட்டர், திரை 5 மீட்டரில் என்றால் புள்ளிகள் 3.25 மில்லிமீட்டர் இடைவெளியில் விழும். கம்பியின் தடிமன் 0.4 மில்லிமீட்டர் என்றால் இன்னும் அகலமான ஒரு மங்கல்-வெளிச்ச வரிசை அதன்மேல் ஏறி உட்காரும். பெருக்கல் குறியின் கோணம் புரியின் சாய்வைச் சொல்லும். மூன்று அளவுகளையும் சுவரில் விழும் படத்திலிருந்தே கண்டுபிடித்து, அப்புறம் ஸ்பிரிங்கை வெர்னியரில் அளந்து சரிபாருங்கள். ஸ்பிரிங்கை நீட்டினால் குறி அகலமாகத் திறக்கும். இதுவரை பலரும் செய்கிறார்கள். ஒரு படி மேலே போக வேண்டுமானால் காணாமல் போன நான்காவது வரிசைக்குப் போங்கள். படம் 51-இல் நடுவிலிருந்து எண்ணினால் நான்காவது அடுக்கு இல்லை. இரண்டு இழைகளும் அச்சின் திசையில் புரியிடைத் தூரத்தின் எட்டில் மூன்று பங்கு விலகியிருப்பதால் அந்த இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டு பேனா ஸ்பிரிங்கை இவ்வளவு துல்லியமாக ஒன்றுக்குள் ஒன்று வைக்க முடியாது, முயலவும் வேண்டாம். பைத்தானில் இரண்டு சைன் வளைவுகளை வரைந்து, அந்தப் படத்துக்கு இருபரிமாண ஃபூரியர் மாற்றம் எடுங்கள். விலகலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் எந்த அடுக்கு எப்போது அணைகிறது என்று கண் முன்னே தெரியும். பாதி விலகலில் ஒற்றைப்படை அடுக்குகள் எல்லாமே போய்விடும்.

கணினி மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு டி.என்.ஏ. உருகுதல் இருக்கிறது. சூடாக்கினால் இரு இழைகளும் பிரிகின்றன. ஜி-சி இணை அதிகமானால் அதிக வெப்பம் வேண்டும். ஜி-சிக்கு மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு, ஏ-டிக்கு இரண்டு என்று பள்ளியில் காரணம் சொல்வார்கள். அது பாதிக் கதை. அடுத்தடுத்த இணைகள் தட்டுகளாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருப்பதன் ஆற்றல்தான் பெரிய பங்கு. முதலில் ஜிப் மாதிரியை எழுதுங்கள்: ஒரு முனையிலிருந்து மட்டும் திறக்கும், முந்தைய இணை திறந்தால்தான் அடுத்தது திறக்கும், திறக்க ஓர் ஆற்றல், திறந்த இணைக்குப் பல நிலைகள். கூட்டல் தொடர் பெருக்குத் தொடராக வருவதால் எக்செல்லிலேயே முடித்துவிடலாம். இணைகள் 10, 100, 1000 என்று கூட்டும்போது உருகும் வளைவு செங்குத்தாகிக்கொண்டே போவதைப் பார்க்கலாம்.

அப்புறம் நிஜ வரிசைக்கு வாருங்கள். பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் 48,502 எழுத்துகளும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. 500 எழுத்துச் சாளரம் ஒன்றை நகர்த்திக்கொண்டே ஜி-சி சதவீதத்தை வரையுங்கள். இடது பாதி மேலேயும் வலது பாதி கீழேயும் நிற்கும். அதனால் எந்தப் பாதி முதலில் அவிழும் என்று சொல்லிவிடலாம். நீண்ட டி.என்.ஏ.வுக்குப் பழக்கத்தில் இருக்கும் சூத்திரம் இது: உருகும் வெப்பநிலை = 81.5 + 16.6 × (சோடியம் செறிவின் பத்தடிமான மடக்கை) + 0.41 × (ஜி-சி சதவீதம்). உப்பைப் பத்தில் ஒன்றாக்கினால் 16.6 டிகிரி குறைகிறது. ஏன் என்பதுதான் புராஜெக்ட். தண்ணீரில் இரண்டு மின்சுமைகளின் விலக்கு ஆற்றல் வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தூரம் 0.7 நானோமீட்டர். டி.என்.ஏ.வில் மின்சுமைகள் 0.17 நானோமீட்டருக்கு ஒன்று நெருக்கியடித்து நிற்கின்றன. உப்பு வந்து மறைக்காவிட்டால் அந்த இரு இழைகளும் சேர்ந்து இருப்பதே கஷ்டம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருண்டை மணிகள் கோத்த சங்கிலியை, ஸ்பீக்கர் மேல் அதிரும் தட்டில் போட்டு, இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தைப் படம் படமாக அளக்கலாம். மணிகளின் எண்ணிக்கையோடு அது எந்த அடுக்கில் வளர்கிறது என்று பாருங்கள். சங்கிலி தன்னைத் தானே ஊடுருவ முடியாததால், தட்டையான தளத்தில் கோட்பாடு சொல்லும் அடுக்கு 0.75. 1999இல் கொழுப்புப் படலத்தின் மேல் படுத்திருந்த டி.என்.ஏ.வை ஒளிரவைத்து அளந்தபோது 0.79 வந்தது. தட்டின் விளிம்பில் சங்கிலி போய் முட்டிக்கொள்வதுதான் இதில் பெரிய தொல்லை. பெரிய தட்டு எடுங்கள். கயிற்றைப் பெட்டியில் போட்டு உருட்டி முடிச்சு விழும் வாய்ப்பை எண்ணலாம். டோரியன் ரேமரும் டக்ளஸ் ஸ்மித்தும் 3,415 முறை உருட்டி 2007இல் வெளியிட்ட ஆய்வு அடுத்த ஆண்டே, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை வாங்கியது. அந்த ஸ்மித், வைரஸ் தன் உறைக்குள் டி.என்.ஏ.வை எவ்வளவு விசையோடு திணிக்கிறது என்று அளந்தவர்களில் ஒருவர். 57 பிக்கோநியூட்டன் வரை போகிறது. ஜெல் எலக்ட்ரோபோரசிஸை, அதாவது மின்புலத்தால் மூலக்கூறுகளை ஜெல்லுக்குள் இழுத்துப் பிரிப்பதை, ஐந்து 9 வோல்ட் பேட்டரியும் அகரும் உணவுச் சாயமும் வைத்துச் செய்வார்கள். சாய மூலக்கூறு குட்டி, அது ஜெல்லுக்குள் பாம்பு மாதிரி நெளிந்து போகாது, டி.என்.ஏ.வின் இயற்பியல் அந்த நெளிவில்தான் இருக்கிறது. ஆகவே நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. நிஜ டி.என்.ஏ.வோடு செய்ய யாராவது இடம் கொடுத்தால், எத்திடியம் புரோமைடு (டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும், மரபணுத் திரிபை உண்டாக்கக்கூடிய சாயம்) இல்லாத ஆய்வகமா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது, கருவி இல்லை. நானாக இருந்தால் நாணை எடுப்பேன். முதல் இரண்டு வாரம் விறைப்புகளை அளக்க. அடுத்த மூன்று வாரம் எடையை மாற்றி மாற்றி முறுக்க, ஒவ்வொரு எடைக்கும் குறைந்தது பத்து முறை, முறுக்குவதையும் அவிழ்ப்பதையும் தனித்தனியாகக் குறித்து. அதன்பின் பருத்திக் கயிறு. கடைசி மாதம் முழுக்க எழுத. அளவீடு தொடங்கும் முன்பே, எதிர்பார்க்கும் சாய்வைக் கணக்கிட்டுத் தேதியோடு நோட்டில் எழுதி வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிற்பாடு எண் ஒத்துவராதபோது, நீங்கள் கணக்கைத் திருத்தவில்லை என்பதற்கு அந்த ஒரு பக்கம்தான் சாட்சி.